ஜமீன் ஐயாவின் அரைநாள் லீவு

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, பாண்டி ரோட்டோரம் இருந்த எங்கள் செடி நர்சரியின் அலுவலக வாசலில் விரித்த குடையோடு ஒருவர் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். அவர் வந்தார், குடையும் கூடவே வந்தது. கதவின் இரண்டு பக்கமும் கம்பிகள் இடித்தன. ஓர் அடி பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வந்தார். குடை மறுபடி இடித்தது. வெளியே கொட்டகையில் மண் கலந்துகொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "உள்ள மழ இல்ல சார், மடக்கிடுங்க" என்றாள். அவர் குடையை மேலும் கீழும் பார்த்தார். எங்கே அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் பெட்டிக்கடையில் வாங்கிய குடை அது. கடைக்காரரே விரித்துக் கையில் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் அறுபது வருஷமாக அவர் தலைக்கு மேல் குடை இருந்திருக்கிறது, ஆனால் அவர் கையில் இருந்ததில்லை. நான் எழுந்து போய் அதை வாங்கி மடக்கி மூலையில் சாத்தினேன். வேலை கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், சின்ன வயதில் தூரத்திலிருந்தே பார்த்த அந்த முகம் யாருடையதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திண்டிவனத்துக்கு மேற்கே, வல்லம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் ஊரையும் சுற்றியிருந்த ஊர்களையும் ஒரு காலத்தில் ஆண்ட ஜமீன் குடும்பத்தின் கடைசி வாரிசு அவர். சட்டப்படி ஜமீன் ஒழிந்தது அவர் பிறப்பதற்கு முன்பே. ஆனால் சட்டம் வந்த மாதிரி பழக்கம் போகவில்லை. ஊர் நடுவே இருந்த பெரிய வீட்டை அரண்மனை என்றார்கள், அவரைச் சின்ன துரை என்றார்கள். அவர் தெருவில் நடந்தால் பீடி அணைந்தது, மடித்துக் கட்டிய வேட்டி இறங்கியது. பங்காளிகள் போட்ட வழக்கு அவர் இளமை முழுதும் நடந்து, கடைசியில் அரண்மனை கையை விட்டுப் போனது. வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். பெங்களூரில் இருந்த மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அவர் போகவில்லை. விழுப்புரத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். "என் சோத்த நான் சம்பாரிச்சித் தின்னுப் பாக்கணும். அது மட்டும் நான் பண்ணதே இல்ல" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

நானோ எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, அப்புறம் தோட்டக்கலைப் பட்டம். ஒவ்வொரு படியும் எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் படி. என் மேசையில் 'மேலாளர்' என்று பலகை வைத்த வாரம் அப்பா பஸ் ஏறி வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மண் கலக்கும் அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்த மேசைக்கு எதிரே எங்கள் சின்ன துரை வேலை கேட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து எழுதப் போவதில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஆண்டயா? உங்கிட்டயா?" என்றார். "ஆமாம்ப்பா, தண்ணி ஊத்தற வேலைக்கு" என்றேன். "பாத்துச் சொல்லும்மா, வெரட்டாத" என்றார் அப்பா.

விரட்டத் தேவையிருக்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய்ச் செடிகளின் வரிசையில் நிற்பார். முதல் வாரம் பாதித் தண்ணீர் அவர் காலில்தான் கொட்டியது. டீ வந்தால் தட்டில் வைத்து யாராவது நீட்டுவார்கள் என்று நிற்பார். கெட்டிலில் இருந்து அவரவரே ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாகப் போய்க் காலிக் கெட்டிலைக் கவிழ்ப்பார். அக்கா தன் டம்ளரில் பாதியை அவருக்கு ஊற்றி, "இங்க ஜல்தியா வந்தாதான் டீ, ஐயா. அரமணைல மாதிரி ஆறிக்கினு இருக்காது" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார். தன்னைக் கேலி செய்ய மனிதர்கள் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். ஒருநாள் பஸ் கண்டக்டர் தன்னை எழுப்பி ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுக்கச் சொன்னதை எங்களிடம் வந்து ஏதோ பட்டம் வாங்கியவர் போலச் சொன்னார்.

ஒன்றுதான் அவருக்கு வரவில்லை. அவர் கதவுகளைச் சாத்தமாட்டார். அலுவலகக் கதவு, பம்பு செட்டு, கழிவறை, எதுவானாலும் திறப்பார், போவார், அது திறந்தபடி கிடக்கும். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்குக் காரணம் தெரியும். எங்கள் அப்பாவின் அப்பாவுக்கு அரண்மனையில் வேலையே அதுதான். சின்ன துரைக்குப் பின்னால் நடப்பார். அவர் திறந்து போகும் கதவைச் சாத்துவார், விளக்கை அணைப்பார், விழுந்த துண்டை எடுப்பார். வேலையை விட்ட பிறகும் தாத்தா யார் வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களை முன்னே விட்டுக் கடைசியாகத்தான் நுழைவாராம், நுழைந்ததும் கதவைச் சாத்துவாராம்.

தை மாதம் ஒரு மத்தியானம், கொய்யாப் பதியன்கள் இருந்த நிழல்வலைக் கூடாரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஐயா சாப்பிடப் போனார். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துக்கு ஆர்டர் எடுத்த கன்றுகள் அவை. கூடாரத்தின் கதவு திறந்து கிடந்தது. ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வரிசையாக உள்ளே போயின. நாங்கள் சத்தம் கேட்டு ஓடியபோது ஒவ்வொரு பையிலும் குச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒரு கிடா எங்களைப் பார்த்தும் நகராமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. ஐயா சாப்பாட்டுக் கையோடு வந்து நின்றார். அந்தக் கையைக் கழுவ அவருக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் பாண்டிச்சேரியிலிருந்து முதலாளி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வியாபாரி. கூடாரத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. "உங்களுக்கு இந்த வேலல்லாம் எதுக்கு சார்? நான் முன்னாடியே நெனச்சேன். கேட்டாண்ட ஒரு நல்ல சேர் போட்டுடறேன். தலப்பா கட்டிக்கினு உக்காருங்க. ஜமீன் பரம்பரைன்னு போர்டு வெச்சா பாண்டி போற காரெல்லாம் நிக்கும். போட்டோ எடுத்துக்குவாங்க, ரெண்டு ரோஜாவும் வாங்குவாங்க. சம்பளம் அதே" என்றார்.

"நான் உக்காந்தே அறுபது வருஷத்த ஓட்டிட்டேன்" என்றார் ஐயா. "இந்தக் கண்ணுங்கள நானே தேத்தித் தர்றேன். தோட்டக்காரருகிட்ட கொஞ்சம் டைம் கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கொய்யா துளிர்க்கும் என்று எனக்குத் தெரியும். மேலே கடித்த இடத்தை ஒழுங்காக வெட்டிவிட்டால் பக்கவாட்டில் இன்னும் அடர்த்தியாகக் கிளைவிடும். அதைச் சொன்னேன். தோட்டக்காரர் சித்திரைக் கடைசிவரை பொறுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். முதலாளி தன் தீர்ப்பைச் சொன்னார்: அந்த லோடு குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால் ஐயா தண்ணீர்க் குழாயைப் பிடிக்கலாம். இடையில் இன்னொரு தப்பு நடந்தால் சேர், இல்லாவிட்டால் வீடு. மறு வாரமே சேர் வந்து இறங்கிவிட்டது. கல்யாண மேடையில் போடும் சிவப்பு வெல்வெட் சேர். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலுவலகத்தில் நின்றது. வரும்போதும் போகும்போதும் ஐயா அதைப் பார்ப்பார்.

சேர் வந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஐயா, உங்களுக்குப் பின்னாடி கதவு சாத்தினவரு எங்க தாத்தா" என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். யோசித்துப் பார்த்தார். "செருப்புச் சத்தம் ஞாபகம் இருக்குது. டயர் செருப்பு. இருமுவாரு. மூஞ்சி ஞாபகம் வர்ல" என்றார். சற்றுக் கழித்து, "பின்னாடிதானே வருவாரு" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் இருந்தது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவரின் கலக்கம். என் போனில் தாத்தாவின் ரேஷன் கார்டுப் படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவரா" என்றார். 

பேச்சை மாற்றத்தான் சீனாவின் கடைசிப் பேரரசரைப் பற்றிச் சொன்னேன். கல்லூரி விடுதியில் படித்தது. குழந்தையிலேயே சிம்மாசனத்தில் உட்கார வைக்கப்பட்டவர், ஆட்சி போய், சிறைக்கும் போய், கடைசியில் சாதாரணக் குடிமகனாக ஒரு தாவரப் பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். ஷூ கயிறு கட்டக்கூடத் தெரியாமல் இருந்தவராம். ஐயா ஆர்வமாகக் கேட்டார். "அவரு எம்மாம் பெரிய நாட்ட வுட்டாரு. நான் வுட்டது ரெண்டு ஏரியும் ஒரு புளியந்தோப்பும்" என்றார். பிறகு, "கதவு சாத்தக் கத்துக்கினாரா அவரு?" என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை என்றேன். "எழுதினவருக்குப் பின்னாடியும் ஆள் இருந்திருப்பான்" என்றார். அக்கா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் கதவைத் தாண்டினாலும் இரண்டு எட்டு வைத்ததும் நிற்பார். "பின்னாடி வர்றவனும் நாந்தான்" என்று வாய்விட்டுச் சொல்வார். திரும்பி வந்து சாத்துவார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பின்னர் நாள் முழுவதும் நர்சரியில் அங்கங்கே அந்தக் குரல் கேட்பது பழகிவிட்டது. மாசியில் கொய்யா துளிர்விட்டது. பங்குனி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தடவை தெளித்தார். பெங்களூர் மகள் போன் செய்தால் தன் உடம்பைப் பற்றிச் சொல்லமாட்டார், கன்றுகள் எத்தனை கிளை விட்டிருக்கின்றன என்று சொல்வார்.

சித்திரையில் ஊரிலிருந்து பெரியவர்கள் சிலர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பழம், மடித்த பட்டுத் துணி. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஜமீன் வாரிசுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தால்தான் தேர் நகரும். தொட்டுக் கொடுத்துவிட்டு அவர் பந்தலில் போய் உட்கார்ந்துவிடுவார். இழுப்பது ஊரின் வேலை. அரண்மனை போன பிறகும் அந்த ஒன்றை மட்டும் ஊர் விடவில்லை. ஐயா குழாயை மூடிவிட்டு, முட்டிவரை ஈரத்தோடு வந்து தேதியைக் கேட்டார். பிறகு அவர்களை நிற்க வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "மேடம், தேருக்கு ஒரு நாள் லீவு வேணும்ங்க" என்றார்.

இந்த வேலையைத் தவிர, அவர் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சோறு வேண்டுமென்றால்கூட இலைக்கு முன்னால் போய் உட்காருவாரே தவிரக் கேட்கமாட்டார். தேதியைப் பார்த்தேன். கொய்யா லோடு ஏற்றும் அதே நாள். லாரி காலை ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. "அன்னிக்கு உங்க லோடு இருக்குதே ஐயா. ஏத்திட்டுப் போங்க. அரைநாள் தர்றேன்" என்றேன். "சரிங்க" என்றார். வாசலில் நின்ற பெரியவர் ஒருவருக்குத் தாங்கவில்லை. "நம்ம ஐயா போயி லீவு கேக்கறதா? அதுலயும் அரநாளா?" என்று என்னைப் பார்த்தார். நான் யார் வீட்டுப் பெண் என்பது அவருக்குத் தெரியும். ஐயாதான் பதில் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கினுதான் போறாங்க. ஆறு மணி லாரி, ஏழர மணிக்கு வேல முடிஞ்சிடும். தேரு ஒம்போதுக்குத்தானே, வந்துடுவேன்."

லாரி ஆறு மணிக்கு வரவில்லை. வழியில் டயர் போய், அப்புறம் டோல்கேட் நெரிசலில் மாட்டி, அது வந்தபோது மணி ஒன்பது ஆகியிருந்தது. கன்றுகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றி அடுக்க வேண்டும். பை கிழிந்தால் வேர் ஆடிவிடும். கால்வாசி ஏறியிருந்தபோது ஐயாவின் போன் அடித்தது. கையெல்லாம் மண். "ஸ்பீக்கர்ல போடுங்க மேடம்" என்றார். மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெரியவரின் குரல். "ஐயா, தேரு நிக்குது. ஜனமெல்லாம் வெயில்ல காயுது. எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"எங்கயும் வர்ல. லோடு ஏத்திக்கினு இருக்கேன்."

"பேஜாரு பண்ணாதீங்க ஐயா. நீங்க தொடாம எப்புடி எடுக்கறது? அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க, நான் பேசறேன்."

போன் என் கையில்தான் இருந்தது. பெரியவர் பேசும் முன்பே நான் ஐயாவிடம், "நீங்க கெளம்புங்க, மீதிய நாங்க ஏத்தறோம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு ஊரே வெயிலில் நிற்கிறது. அதில் என் அப்பாவும் நிற்கிறார். ஐயா அலுவலகத்துப் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்குள் சிவப்பு சேர் தெரிந்தது. முதலாளியும் லோடு பார்க்க வந்து லாரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் இப்ப போனா நாளைக்கு அந்தச் சேர்ல உக்காந்துடுவேன்" என்றார் என்னிடம், மெதுவாக. பிறகு போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எனக்காகத் தேர நிறுத்தாதீங்க. நான் தொட்டு என்னிக்கு அது நவுந்துது? நீங்க இழுத்ததாலதான் நவுந்துது. எல்லாரும் ஒண்ணாப் புடிங்க. யாரு மொதல்லன்னு பாக்காதீங்க. இழுங்க."

 மறுமுனையில் மேளம் நின்றது. "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றது குரல். "நெசமாத்தான்" என்றார் ஐயா. அடுத்த கன்றை வாங்கக் கையை நீட்டினார். போன் அப்படியே இருந்தது, யாரும் துண்டிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாக்குவாதம் கேட்டது. ஒரு பெண் குரல், "அவருதான் சொல்லிட்டாரே, அப்புறம் இன்னா" என்றது. பிறகு பல தொண்டைகள் சேர்ந்து எழுப்பிய கோஷம். அதற்கு அடியில் மரம் முனகும் சத்தம். தேர் நகர்ந்துவிட்டது. லாரிக்கு மேலே நின்றிருந்த அக்கா கீழே குனிந்து ஐயாவின் முகத்தைப் பார்த்தாள். ஐயா கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

கடைசிக் கன்று ஏறியதும் லாரியின் பின்கதவை அவரே தூக்கிக் கொக்கி மாட்டினார். முதலாளி ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். இலை அடர்த்தியைக் கையால் தடவினார். "ஆடு மேஞ்ச செடி மாதிரியே தெர்ல" என்றார். சேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அதன் பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தது. இப்போது அது நர்சரி வாசலில் கிடக்கிறது. வருகிறவர்கள் தாங்களே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், மற்ற நேரத்தில் அக்காவின் துண்டு காய்கிறது.

என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வழியாகப் போனேன். நாங்கள் சேர்ந்தபோது தேர் தெற்குத் தெருவின் முனையில் நின்றிருந்தது. அங்கே எப்போதும் திருப்புவது கஷ்டம். பரிவட்டத் துணியோடு ஒருவரும் எதிரே வரவில்லை. எல்லோர் கையும் வடத்தில் இருந்தது. ஐயா செருப்பை என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார். மண் படிந்த சட்டையில் அவரை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஓர் இடைவெளியில் புகுந்து வடத்தைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதன்மேல் லேசாகக் கையை வைத்தபடி நடந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னால், சென்னையிலேயே வேலையாக இருந்து திருவிழாவுக்கு வந்திருந்த ஓர் ஆள், வியர்வை வழிய, "யோவ் பெருசு, சும்மா தொட்டுக்கினே வர்றியே. இழுக்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்று அதட்டினான். பக்கத்திலிருந்த என் அப்பா பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தார். ஐயா அப்பாவைக் கண்ணால் தடுத்தார். "எப்புடிப் புடிக்கணும், சொல்லுப்பா" என்றார். "குனிஞ்சி, கால ஊணி, கக்கத்துல குடுத்து இழு" என்றான் அவன். ஐயா குனிந்தார், காலை ஊன்றினார். ஓங்கிய கோஷத்தில் அவர் குரலும் கேட்டது. தேர் முனையைத் திரும்பியது.

மறுநாள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளத்தோடு வேலைக்கு வந்தார். அது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் என் மேசைக்கு வந்து நின்றார், இந்தச் சித்திரைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க. முழுநாள் வேண்டுமாம். காலையில் எடுப்பதிலிருந்து நிலைக்கு வரும்வரை இழுக்க வேண்டுமாம். நாட்காட்டியைப் பார்த்தேன். அன்று லோடு எதுவும் இல்லை. கொடுத்துவிட்டேன்.